பழைய சாமானில் ஒரு வீடு: மதுரையில் செகண்ட் ஹேண்ட் கட்டில், பீரோ, மேசை வாங்க முழுமையான வழிகாட்டி

பழங்காநத்தத்தில் ஒரு மாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்று கையில் இருந்தது இரண்டு பாய், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், பாத்திரங்கள், துணி மூட்டை, அவ்வளவுதான். அத்தைக்கு மூட்டுவலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அதனால் முதல் வாரமே ஒரு கட்டிலும் கைவைத்த நாற்காலியும் தேவைப்பட்டது. புதுக் கடைகளில் விலை கேட்டோம். எங்கள் சம்பளத்துக்கு எல்லாமே தவணையில்தான் முடியும் என்று தெரிந்தது. கடன் வாங்கிக் கட்டில் வாங்க மனம் வரவில்லை. சரி, பழசாகவே தேடுவோம் என்று இறங்கினோம்.

ஒன்பது மாதம் ஆனது. இன்று வீட்டில் இருக்கும் கட்டில், பீரோ, மேசை, நாற்காலிகள், புத்தக அலமாரி எல்லாமே ஏற்கெனவே வேறொரு வீட்டில் இருந்தவை. வண்டி வாடகை, ஆசாரி கூலி, பாலிஷ் எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று. அந்த ஒன்பது மாதத்தில் கற்றதை, தவறியது உட்பட, வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் முதல் கட்டிலைச் சரிசெய்ய வந்த ஆசாரி சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எந்தச் சாமானப் பார்த்தாலும் ஒண்ணே ஒண்ணு கேளுங்கம்மா. இதப் பிரிச்சு மறுபடி மாட்ட முடியுமா? முடியும்னா வாங்குங்க. முடியாதுன்னா சும்மா குடுத்தாலும் வேணாம்." அதன் பிறகு நாங்கள் வாங்கிய ஒவ்வொரு பொருளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டோம். ஒரே ஒரு தடவை மறந்தோம், அது தனிக் கதை.

முதல் படி: கொஞ்ச நாள் காலி வீட்டில் இருங்கள்

அவசரத் தேவை தவிர மற்றதை வாங்காமல் இரண்டு வாரம் இருந்து பாருங்கள். காலை வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது, எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது, குழந்தைகள் எங்கே உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எங்களுக்கு டைனிங் டேபிள் வேண்டும் என்று குடிவரும் முன்பே முடிவு செய்திருந்தோம். இருந்து பார்த்தால், நாங்கள் எல்லாரும் அடுப்படி வாசலில்தான் சாப்பிடுகிறோம். அந்த இடத்துக்கு ஒரு நீள பெஞ்சும் குட்டி மேசையும் போதும்.

அப்புறம் டேப்பை எடுங்கள். அறையின் நீள அகலத்தை எல்லாரும் அளப்பார்கள், படிக்கட்டை அளக்க மறந்துவிடுவார்கள். மதுரையில் மாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் வெளிப்பக்கமாக ஒடுங்கிய படிதான் இருக்கும், நடுவில் ஒரு திருப்பம் வேறு. படியின் அகலம், திருப்பத்தில் உள்ள இடம், அங்கே தலைக்கு மேல் உள்ள உயரம், வீட்டு வாசல், படுக்கையறை வாசல் ஆகிய ஐந்தையும் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண இரும்பு பீரோ ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம் இருக்கும். திருப்பத்தில் அதைப் படுக்கவைத்துத் திருப்ப வேண்டியிருக்கும். முடியாதென்றால் மாடிக் கைப்பிடிச் சுவர் வழியாகக் கயிறு கட்டி ஏற்ற வேண்டும். அதற்கு நான்கு ஆள், தனிக் கூலி. விலை பேசும்போதே இந்தக் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எதைத் தேடுவது, எதைத் தொடக்கூடாது

கண்ணை மூடிக்கொண்டு தேடலாம் என்றால் மூன்று பொருள்: கனமரக் கட்டில், இரும்பு பீரோ, பழைய அலுவலக மேசை நாற்காலி. மூன்றும் எப்படி அடித்தாலும் தாங்கும். பழுதானாலும் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம்.

மெத்தையும் தலையணையும் பழசு வேண்டாம். குஷன் சோபா வாங்குவதாக இருந்தால், உறையைக் கிழித்து உள்ளே பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வெயிலில் கிடந்து வெளிறிய பிளாஸ்டிக் நாற்காலியும் வேண்டாம், ஒருநாள் பெரியவர் யாராவது உட்காரும்போது கால் முறியும்.

இனி அந்தத் தனிக் கதை. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டைக் காலி செய்தவர்களிடம் கண்ணாடி வைத்த டிரெஸ்ஸிங் டேபிள் ஒன்றை வாங்கினோம். பளபளவென்று இருந்தது, விலையும் குறைவு. மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை அது, மேலே மரம் மாதிரி ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஐப்பசி மழையில் சுவர் ஈரம் அடிப்பக்கத்தில் ஏறியது. டீயில் நனைத்த பிஸ்கட் போலப் பலகை ஊதிவிட்டது. கீல் திருகாணியைத் திரும்பத் திருகினால் ஆணி பிடிக்கவில்லை, தூள்தான் கொட்டியது. ஆசாரி பார்த்துவிட்டுக் கை வைக்கவே மறுத்துவிட்டார். பழைய சாமான் வாங்குகிறவரும் வேண்டாம் என்றார். கடைசியில் கண்ணாடியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, மீதியை மாநகராட்சிக் குப்பை வண்டியில் ஏற்றினோம். அவனியாபுரம் பக்கம் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலகை எங்கே போயிருக்கும் என்று தெரியும். அந்தப் பசையோடு அதை அடுப்பில் எரிப்பதும் நல்லதில்லை.

பழைய மரச்சாமான் அப்படிப் போகாது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். நாற்பது கிலோ எடையுள்ள ஒரு தேக்குக் கட்டில் என்றால் இருபது கிலோ கார்பன் அதில் அடைந்து கிடக்கிறது. அது எரிந்து காற்றில் கலந்தால் 73 கிலோ கரியமில வாயு ஆகும். அந்தக் கட்டில் இன்னும் ஐம்பது வருடம் யாருக்காவது பயன்பட்டால் அதுவரை அது மரத்திலேயே இருக்கும். இன்னொரு மரத்தை வெட்டவும் வேண்டியதில்லை. மலிவு என்பதற்காகத்தான் நாங்கள் பழசைத் தேடினோம், இந்தக் கணக்கு தெரிந்தபின் இதற்காகவும் தேடுகிறோம்.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

முதலில் சொந்தக்காரர் வீடுகளில் கேளுங்கள். கூச்சம் வேண்டாம். நம் ஊரில் கல்யாணச் சீரில் கட்டில், பீரோ, மெத்தை கட்டாயம் வரும். இரண்டு மருமகள் வந்த வீட்டில் மாமியாருடையதையும் சேர்த்து மூன்று பீரோ நிற்கும். பிள்ளைகள் சென்னை, பெங்களூர், வெளிநாடு என்று போனபின் அந்த அறைகள் பூட்டிக் கிடக்கும். அதில் ஒன்றை யாராவது எடுத்துப்போனால் போதும் என்று இருப்பார்கள், தாமாகச் சொல்ல மாட்டார்கள். எங்கள் புத்தக அலமாரி அப்படித்தான் திருமங்கலத்தில் ஒரு பெரியம்மா வீட்டிலிருந்து வந்தது. பணம் வாங்க மாட்டேன் என்றார், ஒரு சேலை எடுத்துக் கொடுத்தோம்.

அடுத்தது வீடு காலி செய்பவர்கள். வங்கி, அரசு வேலையில் மாற்றல் வாங்கிப் போகிறவர்கள் சாமானைக் கொண்டுபோகும் லாரி வாடகையை நினைத்துப் பாதியை இங்கேயே விற்றுவிடுவார்கள். அபார்ட்மென்ட் காவலர்களிடமும், வீட்டு புரோக்கர்களிடமும், தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள். எந்த வீட்டில் எது வெளியே வருகிறது என்று முதலில் தெரிவது இவர்களுக்குத்தான். எங்கள் பேப்பர் கடை அண்ணனிடம், "கட்டில் வந்தா ஒரு போன் போடுங்கண்ணே" என்று சொல்லி வைத்த மூன்றாவது வாரமே போன் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தைக்கு ஒருமுறையாவது போங்கள். பெரிய சாமானை நம்பிப் போக வேண்டாம். கருவிகளும் உதிரிகளும்தான் அங்கே விசேஷம்: உளி, சுத்தியல், பழைய பித்தளைக் கீல், பூட்டு, போல்ட், கைப்பிடி. எங்கள் கட்டிலைப் பிரித்துக் கொடுத்தவர்கள் பக்கச் சட்டத்தைப் பிடிக்கும் நான்கு நீள போல்ட்டில் ஒன்றைத் தொலைத்துவிட்டிருந்தார்கள். மரையின் இடைவெளி பழைய காலத்து அளவு, இன்றைய ஹார்டுவேர் கடை எதிலும் பொருந்தவில்லை. இரண்டு ஞாயிறு அலைந்து, ஒரு சாக்கு விரிப்பில் துருப்பிடித்த குவியலுக்குள் அதே மரை ஒன்றைக் கண்டுபிடித்தோம். இருபது ரூபாய். அந்த இரண்டு வாரமும் அத்தை ஒரு பக்கம் செங்கல் முட்டுக் கொடுத்த கட்டிலில்தான் படுத்தார்.

அரசு அலுவலகங்கள், கல்லூரிகள், வங்கிகள் பயன்பாட்டில் இல்லாத தளவாடங்களை ஏலம் விடும், அறிவிப்புகள் நாளிதழில் வரும். பெரும்பாலும் மொத்தமாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும், வியாபாரிகள் எடுத்துவிடுவார்கள். அவர்களிடமிருந்து சில்லறையாக வாங்கலாம். பிரம்பு பின்னிய, கைவைத்த பழைய அலுவலக நாற்காலி கிடைத்தால் விடாதீர்கள், முதுகுக்கு அவ்வளவு இதம்.

காரைக்குடிக்கும் ஒரு நடை போய்வரலாம், இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர். முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. மலிவாக வாங்கும் இடம் அது இல்லை, சேகரிப்பாளர்களும் ஹோட்டல்காரர்களும் வாங்கும் இடம். ஆனால் நல்ல தேக்கு எப்படி இருக்கும், எப்படிக் கனக்கும், எப்படி மணக்கும் என்று கையால் தொட்டுப் பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை. ஒன்றை மட்டும் மனம்விட்டுச் சொல்கிறேன். செட்டிநாட்டு வீடுகளின் செதுக்கு வேலைத் தூணும் நிலையும் கதவும் அழகுதான், ஆனால் அவை ஒரு வீட்டை உடைத்துத்தான் கடைக்கு வருகின்றன. அதை வாங்க ஆள் இருக்கும்வரை வீடுகள் பிரிபட்டுக்கொண்டே இருக்கும். கட்டில், நாற்காலி, பெட்டகம் போன்று கைமாறுவதற்கென்றே செய்ததை வாங்குங்கள், வீட்டின் உறுப்பை வாங்காதீர்கள்.

ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் நிறையக் கிடைக்கும். படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், அவசர மாற்றல், பாதிப் பணம் அனுப்பினால் லாரியில் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லும் மோசடி நாடு முழுக்க நடக்கிறது. நீங்கள் விற்பவராக இருந்தால் இன்னொன்று: பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்பார்கள். யூபிஐ பின் நம்பர் பணம் கொடுப்பதற்கு மட்டும்தான், வாங்குவதற்குத் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

எப்போது தேடலாம்

போகிக்கு முந்தைய இரண்டு வாரமும், ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரையும் நல்ல காலம். முதலாவதில் வீடு சுத்தம் செய்து கழிப்பார்கள், இரண்டாவதில் பள்ளி விடுமுறையை ஒட்டி வீடு மாறுவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு மாற மாட்டார்கள், அதனால் ஆடியிலும், போகி நெருங்கும்வரை மார்கழியிலும் வரத்துக் குறைவு. மழைக்காலத்தில் கனமரம் வாங்கினால் டிராயர் இறுகியிருக்கும், அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தை மாதம் காய்ந்ததும் தானே இளகும்.

நான்காம் படி: புரட்டிப் பார்ப்பது

இந்தப் படியில்தான் பணம் மிச்சமாவதும் வீணாவதும். ஒரு கடையில் கட்டில் பார்த்தபோது, "இது தேக்காண்ணே?" என்று கேட்டேன். "பர்மா தேக்கும்மா, கண்ண மூடிட்டு எடுத்துக்கங்க" என்றார். கூட வந்த ஆசாரி ஒன்றும் பேசவில்லை. கட்டிலின் தலைமாட்டைச் சாய்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். மேலே தேன் நிறப் பாலிஷ், கீழே வெளிறிய ரப்பர் மரம். வெளியே வந்தபின் சொன்னார்: "மேல பார்த்து வாங்குனா பாலிஷத்தான் வாங்குவீங்க. கீழ பார்த்து வாங்குங்க."

எந்தச் சாமானிலும் பாலிஷ் போடாத இடம் ஒன்று இருக்கும்: மேசைக்கு அடியில், டிராயருக்குப் பின்னால், கட்டில் சட்டத்தின் உள்பக்கம். மரம் அங்கேதான் தன் நிறத்தைக் காட்டும். தேக்கு பழுப்பும் பொன்னும் கலந்திருக்கும், தடவினால் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு, கொஞ்சம் சுரண்டி முகர்ந்தால் தோல் வாசனை மாதிரி ஒரு மணம். பூவரசு, வேம்பு, வாகை, பலா எல்லாமும் நல்ல மரங்கள்தான். தேக்குக்கு மட்டும் மயங்க வேண்டாம், எங்கள் மேசை பூவரசுதான், கல் மாதிரி இருக்கிறது. பர்மா தேக்கு என்று எல்லாரும் சொல்வார்கள். மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து தேக்கை உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டது. நிஜமான பழைய பர்மா தேக்கு பெரும்பாலும் பழைய வீட்டுச் சாமானில்தான் இருக்கும். அந்தப் பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

முழு மரமா, பிளைவுட் மேல் ஒட்டிய மெல்லிய தகடா என்று அறிய ஓரத்தைப் பாருங்கள். மேல்பலகையில் ஓடும் ரேகை விளிம்பில் மடங்கி வெட்டுமுகத்திலும் தொடர்ந்தால் முழு மரம். விளிம்பில் வேறு ரேகை, அல்லது கோடு கோடாக அடுக்கு தெரிந்தால் ஒட்டியது. நல்ல பிளைவுட் மோசமில்லை, ஆனால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும்.

மூட்டுகளைப் பாருங்கள். ஒரு கட்டையில் துளை எடுத்து, இன்னொன்றில் நாக்கு எடுத்துச் சொருகி, குறுக்கே மர ஆணி அடித்திருந்தால் அது ஆசாரி வேலை. ஆடினாலும் கழற்றிப் பசை போட்டு இறுக்கலாம். வெறும் இரும்பு ஆணியும் தகடும் வைத்து இணைத்திருந்தால் யோசியுங்கள். நாற்காலியை ஒரு மூலையில் பிடித்து எதிர்மூலைக்குத் தள்ளிப் பாருங்கள். ஆட்டம் இருக்கலாம், விரிசல் இருக்கக்கூடாது.

பூச்சிக்கு வருவோம். கரையான் அரித்தது என்றால் காலின் அடிப்பகுதியில் மண் கோடு இருக்கும். விரல் முட்டியால் தட்டினால் அந்த இடம் மட்டும் பொக்கென்று கேட்கும். ஸ்குரூ டிரைவர் நுனியால் அழுத்துங்கள், உள்ளே இறங்கினால் வேண்டாம். உளுப்பு வேறு மாதிரி: குண்டூசித் தலை அளவு ஓட்டைகள், அடியில் மாவு போல் தூள். ஓட்டை இருப்பதாலேயே ஒதுக்க வேண்டாம், எப்போதோ வண்டு வெளியேறிய பழைய ஓட்டையாக இருக்கலாம். சுத்தியல் கைப்பிடியால் தட்டுங்கள். வெளிர் நிறத்தில் புதுத் தூள் கொட்டினால் உள்ளே இன்னும் தின்கிறது என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால், விற்பவர் வீட்டிலேயே அடியில் ஒரு கறுப்புத் துணியை விரித்து இரண்டு நாள் விடச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் மறுக்க மாட்டார்.

கட்டிலில் மூட்டைப்பூச்சியைத் தேடப் போன் டார்ச் வேண்டும். பக்கச் சட்டம் சேரும் மூலை, ஆணித் துளை, விரிசல் ஆகிய இடங்களில் மைப்புள்ளி மாதிரிக் கறுப்புக் கறை இருந்தால் பூச்சி இருந்திருக்கிறது. "ஆறு மாசமா யாரும் படுக்கல, பூச்சி இருக்காது" என்பார்கள். நம்ப வேண்டாம், அது மாதக்கணக்கில் பட்டினி கிடந்து உயிரோடு இருக்கும்.

இரும்பு பீரோவுக்கு வேறு கணக்கு. 1923-லேயே இரும்பு பீரோ செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் பெயரை இன்று எல்லாப் பீரோவுக்கும் வைத்துவிடுகிறார்கள், பெயரைவிடத் தகட்டைப் பாருங்கள். கதவின் நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் டப்பென்று உள்வாங்கித் திரும்பினால் மெல்லிய தகடு. கேஜ் எண் குறைந்தால் தகடு தடிமன் என்பதை நினைவில் வையுங்கள், 20 கேஜ் 22 கேஜைவிட நல்லது. கீழ்த்தட்டைக் கட்டாயம் குனிந்து பாருங்கள். தினம் வீடு துடைக்கும் தண்ணீர் பட்டு முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். மேல்துரு சரியாகும், விரல் வைத்தால் பொத்துக்கொள்கிற துரு சரியாகாது. சாவி, உள்லாக்கர் சாவி இரண்டும் இருக்கிறதா, கைப்பிடியைத் திருப்பினால் மேலும் கீழும் கம்பி ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். கதவு சேரவில்லை என்று ஒருவர் விலையைக் குறைத்துக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்குங்கள், அதன் வைத்தியம் கீழே வருகிறது.

ஐந்தாம் படி: விலை

குறையைச் சொல்லி விலை குறைக்கலாம், சாமானை மட்டம் தட்டிப் பேசாதீர்கள். வீட்டுக்காரர்களுக்கு அது அப்பா வாங்கிய மேசை, அம்மா சீராகக் கொண்டுவந்த கட்டில். "இந்தக் கால் மாத்தணும்ணே, ஆசாரிக்கு ஐநூறு ஆகும், அத மட்டும் கழிச்சுக்கங்க" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். எங்கள் கட்டிலுக்கு 4,500 கொடுத்தோம், குட்டி யானை வாடகை 600, ஆசாரிக்கு 1,200 ஆயிற்று. பழைய சாமானின் விலையை எப்போதும் இப்படி மூன்றாகக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். மூன்றும் சேர்ந்து புதுச் சாமான் விலையில் பாதிக்கு மேல் போனால் நாங்கள் வாங்குவதில்லை.

யார் பயன்படுத்திய கட்டில் என்று கேட்பதில் தவறில்லை. எங்கள் கட்டிலில் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர் கடைசிவரை படுத்திருந்தார் என்று அந்த வீட்டு அம்மா மறைக்காமல் சொன்னார். அத்தையிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "வாத்தியார் கட்டில்தானே, கொண்டு வாங்க" என்றார். வந்ததும் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் படுத்தார். மனம் ஒப்பாதவர்கள் வாங்க வேண்டாம், ஆனால் கேட்காமலே வாங்கிவிட்டுப் பின்னால் மனம் உறுத்திக்கொண்டிருப்பது நல்லதில்லை.

ஆறாம் படி: வீட்டுக்குள் ஏற்றும் முன்

நேராகப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாதீர்கள். மொட்டைமாடியிலோ வாசலிலோ இரண்டு நாள் நிற்கட்டும். மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில்தான் உறுதியாகச் சாகும். நம் ஊர்ச் சித்திரை வெயில் 40-ஐத் தாண்டினாலும் மூட்டுக்குள் அந்தச் சூடு ஏறாது, அதனால் வெயிலை மட்டும் நம்ப முடியாது. கட்டிலைப் பிரித்து, மூட்டுகளிலும் துளைகளிலும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பிறகு நிழலில் காயவிட்டு, கடைசியில் வெயிலில் வையுங்கள். நனைந்த மரத்தை உடனே உச்சி வெயிலில் போட்டால் வெடிக்கும். தகடு ஒட்டிய சாமானுக்குக் கொதிநீர் ஆகாது, ஒட்டியது உரிந்துவிடும்.

உளுப்பு ஓட்டைகளுக்கு ஹார்டுவேர் கடையில் மரப்பூச்சி மருந்து கிடைக்கும். கையுறை போட்டு, சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு, மெழுகால் அடைக்கலாம். அடுத்த மாதம் புதுத் தூள் வருகிறதா என்று பாருங்கள்.

ஏழாம் படி: சரிசெய்வது

ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிக்காதீர்கள். அதுதான் எல்லாரும் செய்யும் தவறு, ஆணி அடித்த இடத்தில் மரம் பிளந்துவிடும். மூட்டை மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பிரியுங்கள். பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். பழைய பசை மேல் புதுப் பசை பிடிக்காது. பெவிகால் தடவிச் சேர்த்து, கயிற்றைச் சுற்றி நடுவில் ஒரு குச்சியைச் சொருகி முறுக்கி இறுக்குங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

பிரம்பு இருக்கை தொய்ந்திருக்கிறது, ஆனால் எங்கும் அறுபடவில்லை என்றால் புதிதாகப் பின்ன வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துண்டை அரைமணி நேரம் போட்டு, வெயிலில் காயவிடுங்கள். காயும்போது பிரம்பு சுருங்கி இறுகும். எங்கள் நாற்காலியில் மாலைக்குள் தட்டினால் மத்தளம் மாதிரிச் சத்தம் வந்தது. அறுந்திருந்தால் பின்னுகிறவரிடம் கொடுங்கள், அல்லது நைலான் வயர் பின்னலும் நன்றாகத்தான் இருக்கும்.

பாலிஷ் போட முதலில் உப்புத்தாள். 80-ஆம் எண்ணில் தொடங்கி, 120, கடைசியில் 220. எப்போதும் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் பாலிஷ் போட்டபின்தான் பல்லைக் காட்டும். பழைய பெயிண்ட் அடித்த சாமான் என்றால் மட்டும் கவனம். பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல்தான் வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று சொல்ல முடியாது, அந்தத் தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். ஈர உப்புத்தாளால், வெளியில் வைத்து, முகக்கவசம் போட்டுத் தேய்த்து, தூளைத் துணியால் துடைத்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பழைய பெயிண்ட் அடித்த தொட்டில், குழந்தைக் கட்டில் இரண்டையும் நான் வாங்க மாட்டேன்.

பழைய மரத்துக்கு அரக்கு பாலிஷ்தான் என் விருப்பம். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, பஞ்சை மெல்லிய துணியில் பொட்டலம் கட்டி அதில் தொட்டு நீளமாக இழுத்துத் தடவ வேண்டும். ஒரு கை காய்ந்தபின் அடுத்த கை, ஆறு ஏழு கை. ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படியை விட்டுத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். மழைநாளில் போட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும், காய்ந்த காலை வேளையே நல்லது. பின்னால் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி தடவலாம், பழையதோடு கரைந்து சேர்ந்துகொள்ளும். ஆளிவிதை எண்ணெய் தடவுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

டிராயர் இறுகினால் உடனே இழைக்காதீர்கள். மெழுகுவத்தித் துண்டை ஓடும் விளிம்பில் தேயுங்கள், போதும்.

பீரோவில் துருப்பிடித்த இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, பிறகு எனாமல். முழுதாகப் புதுசு போல் வேண்டுமென்றால் பீரோ பட்டறையில் ஸ்பிரே அடித்துத் தருவார்கள். இனிக் கதவு சேராத பீரோ. எங்கள் பீரோவின் வலது கதவு இடதைவிட ஒரு விரல் கீழே தொங்கியது. கீல் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். பீரோ பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் வந்து, கீலைத் தொடவே இல்லை. முன்பக்க வலது காலுக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டை மடித்து வைத்தார். கதவு கொஞ்சம் ஏறியது. இன்னொரு மடிப்பு வைத்தார். இரண்டு கதவும் ஒரே நேர்கோட்டில் வந்து, கைப்பிடி க்ளக்கென்று விழுந்தது. தரை சமமில்லாததால் பெட்டியே கோணிக்கொண்டு நின்றிருக்கிறது. அட்டை ஈரத்தில் ஊறும், அதனால் பிறகு அதே தடிமனில் ஒரு ரப்பர் துண்டை வைத்துவிட்டோம்.

மெத்தையை மட்டும் புதிதாக வாங்கினோம். பழைய கட்டில்கள் பல இன்றைய மெத்தை அளவுக்கு வராது. இலவம்பஞ்சு மெத்தை என்றால் அளவு சொல்லித் தைத்து வாங்கலாம், போடி பக்கத்துப் பஞ்சு நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும். சில வருடத்தில் கட்டிபட்டால் உறையைப் பிரித்து, பஞ்சை அடித்து, மறுபடி நிரப்பித் தைத்துக்கொள்ளலாம். ஆசாரியின் கேள்விக்கு மெத்தையும் பதில் சொல்கிறது.

வீடு மாறும்போது, விற்கும்போது

ஒருநாள் நீங்களும் இதில் ஒன்றை அடுத்தவருக்குக் கொடுப்பீர்கள். டிராயரின் அடிப்பலகையில் எந்த வருடம், என்ன பாலிஷ், எந்த மருந்து என்று பென்சிலால் எழுதி வையுங்கள், அடுத்து வரும் ஆசாரிக்கு உதவும். கட்டிலைப் பிரிக்கும்போது எந்தச் சட்டம் எந்தக் காலுக்கு என்று சாக்பீஸால் ஒரே எண்ணை இரண்டு பக்கமும் போடுங்கள். நான்கு போல்ட்டையும் நட்டையும் ஒரு துணிப்பையில் போட்டு, அந்தப் பையைத் தலைமாட்டுப் பலகையிலேயே இறுக்கிக் கட்டிவிடுங்கள்.